சேலத்திலிருந்து மூன்று நாள் கோயில் பயணம்: நடை நேரம் பார்த்துக் கிளம்புங்கள்

வேன் பேசுவதற்கு முன்பே நடை நேரத்தைக் கேட்டு எழுதி வைத்துவிடுங்கள். தூரக் கணக்கு அப்புறம். பொதுவாக பகல் 12, 12.30க்குச் சாத்தினால் 4 மணிக்குத்தான் திறப்பார்கள். அந்த நான்கு மணி நேரத்தைச் சாப்பாட்டுக்கும் சாலைக்கும் ஒதுக்குங்கள். ஒரு நாளைக்கு மூன்று கோயிலுக்கு மேல் வைத்தால், கடைசிக் கோயிலில் பூட்டிய கதவைத்தான் கும்பிட வேண்டியிருக்கும்.

முதல் நாள் காலை 6 மணிக்குச் சேலத்திலேயே சுகவனேசுவரர். அடுத்து, திருமணிமுத்தாற்றங்கரையில் உத்தமசோழபுரம் கரபுரநாதர். 10 மணிக்குள் நாமக்கல். குடைவரையில் நரசிம்மரையும் நாமகிரித் தாயாரையும் சேவித்துவிட்டு, எதிரே கூரையில்லாமல் நிற்கும் 18 அடி ஆஞ்சநேயரிடம் வாருங்கள். வடைமாலை சாத்த வேண்டுமென்றால் முன்பதிவு கட்டாயம். அன்று போய்க் கேட்டால் நடக்காது. மார்கழி அமாவாசையில் அனுமன் ஜெயந்தி, 1,00,008 வடை மாலை. கூட்டம் தாங்காதவர்கள் அந்த நாளைத் தவிர்க்கலாம்.

மதியம் சேந்தமங்கலம், காரவள்ளி வழியாகக் கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவு. பயணத்தில் அதிகக் கவனம் வேண்டிய இடம் இதுதான். அடிவாரத்திலேயே டீசல் நிரப்பிக்கொள்ளுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டு ஏறினால் குழந்தைகள் வாந்தி எடுப்பார்கள், அரை வயிறு போதும். ஏறும்போது இஞ்சின் சூடு கூடினால் ஏசியை நிறுத்துங்கள். வளைவில் ஏறும் வண்டிக்கே முதல் வழி. இருட்டுவதற்குள் மலைமேல் இருக்கும் செம்மேடு போய்த் தங்கிவிட வேண்டும்.

இரண்டாம் நாள் காலை அறப்பளீசுவரர். தரிசனம் முடித்த பிறகே ஆகாய கங்கை அருவி. 1,000-க்கு மேல் படி இறங்கி ஏற வேண்டும், முட்டி வலி உள்ளவர்கள் மேலேயே இருந்துவிடுவது நல்லது. ஆடி 18-ஐ ஒட்டி வல்வில் ஓரி விழா நடப்பதால் அப்போது அறை கிடைப்பது அரிது.

இறங்க முள்ளுக்குறிச்சி வழி நல்லது: வளைவு குறைவு, நேராக ராசிபுரம் வந்துவிடலாம். ஏறிய கியரிலேயே இறங்கச் சொல்லுங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும். கருகல் வாடை வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

மாலை திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர். மேலே வரை வண்டி போகும். படியேற நேர்ந்துகொண்டவர்கள் மறுநாள் விடியற்காலையில் ஏறலாம். வெயில் ஏறிவிட்டால் கல் பாதத்தைச் சுடும்.

மூன்றாம் நாள் குமாரபாளையம் வழியாகப் பவானி கூடுதுறை. மேட்டூரில் தண்ணீர் திறந்திருந்தால் காவிரி இழுப்பு அதிகம், கம்பித் தடுப்பைத் தாண்டாதீர்கள். திதி கொடுப்பவர்கள் முதலில் அதை முடித்து, பிறகு சங்கமேசுவரர் சன்னதிக்குப் போகலாம்.

கட்டுச்சோற்றுக்கு நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளிச்சோறு இரவு வரை தாங்கும். தயிர்ச்சோறு வேண்டுமென்றால் பாலில் பிசைந்து ஒரு கரண்டித் தயிர் மட்டும் உறை ஊற்றுங்கள், மதியம் புளிக்காது.

திரும்பும்போது சங்ககிரியிலிருந்து தாரமங்கலம் பிரியுங்கள். கைலாசநாதர் கோயில் மேற்கு பார்த்தது. 4 மணிக்கு மேல் சாய்வெயில் விழும்போது தூண் சிற்பங்களைப் பார்க்க வேண்டும். சிங்கத்தின் வாய்க்குள் உருளும் கல்லுருண்டையைத் தவறவிடாதீர்கள். கிளம்பும் தேதியை மூன்றாம் நாள் பிரதோஷம் வருகிற மாதிரி வைத்தால், 4.30 மணிப் பூஜையையும் இங்கேயே பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குச் சேலம் வந்துவிடலாம்.