சேலத்துக்கு வேலைக்கு வந்தவர் சட்டை, வேட்டி எடுப்பது எப்படி?

நாகப்பட்டினத்திலிருந்து மருந்து கம்பெனி வேலைக்காக சேலம் வந்து எட்டு மாதம் ஆகிறது. மெடிக்கல் ரெப் என்றால் தினமும் இன் பண்ணிய சட்டை, ஷூ. டாக்டரைப் பார்க்க, நோயாளிகள் எல்லாரும் போய் வரும்வரை வெளியே நிற்க வேண்டும். ஏப்ரல் வெயிலில் பைக்கில் வந்து, அப்படி ஒரு மணி நேரம் நின்ற பிறகும் சட்டை பார்க்கும்படி இருக்க வேண்டும். அதனால் இந்த ஊருக்கு வந்ததும் வீடு பார்த்ததற்கு அடுத்தபடியாக நான் அலைந்தது துணிக்கடைகளுக்குத்தான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேலத்தில் ரெடிமேடு எடுக்காதீர்கள். துணி எடுத்துத் தையுங்கள். வேட்டி வேண்டுமென்றால் இங்கேயே நெய்ததை வாங்குங்கள்.

ஐந்து ரோடு, நான்கு ரோடு, சாரதா கல்லூரி சாலை பக்கம் பிராண்டு ஷோரூம்கள் இருக்கின்றன. கோவையில் கிடைக்கும் அதே சட்டை, அதே விலை. வந்த மாதமே ஒரு கடையில் வெள்ளைச் சட்டை இரண்டு எடுத்தேன். ஸ்லிம் ஃபிட். கண்ணாடி முன்னால் நன்றாகத்தான் இருந்தது. பைக் ஹேண்டிலைப் பிடித்ததும் முதுகு இழுத்தது, மூன்றாவது வாரம் அக்குள் தையல் விட்டது. இங்கே இளைஞர்கள் எல்லாரும் இந்த இறுக்கத்தையே அழகு என்று நினைப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அதே ஊரில் ஐம்பது வயது தாண்டியவர்களைப் பாருங்கள். தோளில் சரியாக உட்கார்ந்த வெள்ளைச் சட்டை, கரை நேராக விழும் வேட்டி. மண்டிக்கும் அதுதான், பேங்குக்கும் அதுதான். என் கண்ணுக்கு சேலத்தில் நன்றாக உடுத்துகிறவர்கள் அவர்கள்தான்.

துணிக்கு ராஜகணபதி கோயில் பக்கம் போங்கள். முதல் அக்ரஹாரம், இரண்டாவது அக்ரஹாரம், சின்னக்கடை வீதி எல்லாம் நடந்தே பார்க்கலாம். வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டுப் போவது நல்லது. தானிலிருந்து (முழுத் துணிச் சுருளிலிருந்து) வெட்டித் தரச் சொன்னால், முதலில் பன்னா, அதாவது துணியின் அகலம், எவ்வளவு என்று கேளுங்கள். எனக்கு மார்பு 40. முழுக்கைச் சட்டைக்கு 58 அங்குலப் பன்னாவில் 1.60 மீட்டர் போதும். 36 அங்குலம் என்றால் 2.50 மீட்டர் வேண்டும். இதைக் கேட்காமல் மீட்டர் விலையை மட்டும் பார்த்தால் கணக்கு தவறிவிடும். பேண்டுக்கு 58 அங்குலத்தில் 1.30 மீட்டர் எடுக்கிறேன்.

துணியின் ஒரு மூலையை உள்ளங்கையில் பத்து விநாடி கசக்கிப் பிடித்து விடுங்கள். கோடு கோடாகக் கசங்கினால் பெரும்பாலும் பருத்தி. ஒன்றுமே ஆகாதது போல் விரிந்தால் பாலியஸ்டர் கலந்திருக்கும். தினமும் இஸ்திரி போட முடியாதவருக்கு கொஞ்சம் கலப்பு இருப்பதில் தப்பில்லை. ஆனால் வெயிலில் அலைகிறவர் முழுப் பருத்தியே எடுங்கள், வியர்வையை அதுதான் வாங்கும். வெள்ளை என்றால் துணிக்குப் பின்னால் கையை வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். விரல் தெளிவாகத் தெரிந்தால் உள்ளே பனியனும் தெரியும்.

தைக்கக் கொடுப்பதற்கு முன் பருத்தித் துணியை ஒரு ராத்திரி தண்ணீரில் நனைத்து, நிழலில் காயப்போட்டுக் கொடுங்கள். நான் அப்படிச் செய்யாமல் தைத்த ஒரு பேண்ட், முதல் துவைப்பிலேயே கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. இப்போது எனக்குத் தைக்கும் அண்ணன் அளவு நாடாவை எடுப்பதற்கு முன்பே, “நனைச்சாச்சுங்களா தம்பி?” என்றுதான் கேட்பார்.

அவரைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. போர்டைப் பார்த்துப் போகாதீர்கள். கடைக்குள் தைத்து மாட்டியிருக்கும் சட்டைகளைப் பாருங்கள். காலரின் இரண்டு முனையும் ஒரே அளவில் இருக்கிறதா, கட்டம் போட்ட துணியில் பை மேல் இருக்கும் கட்டம் சட்டைக் கட்டத்தோடு சேர்கிறதா, காஜாவில் (பட்டன் துளையில்) நூல் பிரிந்து நிற்கிறதா என்று கவனியுங்கள். கட்டத்தைச் சேர்த்து வெட்டுகிறவர் மற்றதிலும் அவசரப்பட மாட்டார். முதல் தடவை ஒரே ஒரு சட்டை கொடுங்கள். அளவு எடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிக்காதீர்கள். பைக் ஓட்டுகிறவர் என்று சொல்லி, கையை முன்னால் நீட்டிக் காட்டுங்கள். தோளுக்குப் பின்னால் கொஞ்சம் தளர்வு விட்டு வெட்டுவார். பேண்டில் இடுப்புத் தையலுக்கு உள்ளே துணி விடச் சொல்லுங்கள், உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ளலாம். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னால் போய் நின்றால் எந்த நல்ல டெய்லரும் தேதி தர மாட்டார். ஆடித் தள்ளுபடியில் துணி எடுத்து அப்போதே கொடுத்துவிடுங்கள்.

இனி வேட்டி. தங்கை கல்யாணத்துக்கு அப்பாவுக்கு ஒரு பட்டு வேட்டி எடுக்க வேண்டியிருந்தது. சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அம்மாப்பேட்டை, பொன்னம்மாபேட்டை, குகை பக்கமெல்லாம் நெசவாளர் வீடுகள். தறிச் சத்தம் கேட்டு ஒரு வீட்டு வாசலில் நின்றேன். குழித்தறியில் இருந்த பெரியவர் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். ஆனால் வேட்டியை விற்கவில்லை. அவர் கூலிக்கு நெய்கிறவர். பட்டு நூல் கொடுத்தவருக்குத்தான் வேட்டி போக வேண்டும். வீடு வீடாகக் கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்தாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடை, கோ-ஆப்டெக்ஸ், அல்லது சொந்தமாக நூல் போட்டு நெய்து விற்பவர்கள், இவர்களிடம் வாங்குங்கள்.

பட்டு என்று சொல்லி விற்பதெல்லாம் பட்டு இல்லை. சுத்தப் பட்டுக்குத் தரும் சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முந்தியில் தொங்கும் இழையில் ஒன்றைக் கேட்டு வாங்கி, தள்ளிப் போய் நெருப்பில் காட்டுங்கள். பட்டு, முடி கருகுவது போல நாறும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகி மணியாகக் கெட்டிப்படும். நல்ல கடைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

அளவு: நாலு முழம் சுமார் 2 மீட்டர், ஒற்றை வேட்டி. எட்டு முழம் அதில் இரண்டு மடங்கு, மடித்துக் கட்டுவது. உயரமானவர்கள் அகலத்தையும் கேளுங்கள், இல்லையென்றால் கணுக்கால் தெரியும். அப்பாவுக்கு எட்டு முழமும் அங்கவஸ்திரமும் எடுத்தேன். தொட்டுப் பார்த்துவிட்டு, “இவ்வளவு எதுக்குடா?” என்றார். கல்யாணத்தன்று சாயங்காலம் வரை மாற்றவே இல்லை. சென்ட்டை வேட்டியில் நேராக அடிக்க வேண்டாம், ஜரிகை கறுக்கும். பருத்தித் துணியில் சுற்றி வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த இடத்தில் பட்டு விட்டுப்போகும்.

ஏற்காட்டுக்கும் வேலையாகப் போகிறவர்களுக்கு மட்டும் ஒன்று. அடிவாரத்தில் வியர்த்த பருத்திச் சட்டையோடு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறினால், மேலே பனியில் அந்த ஈரம் காயவே காயாது, முதுகு விறைத்துவிடும். அடிவாரத்திலேயே வண்டியை நிறுத்தி, பையிலிருந்து காய்ந்த பனியனும் சட்டையும் எடுத்து மாற்றிக்கொண்டு, மேலே காற்று புகாத ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்வெட்டர் மட்டும் போதாது, வண்டி ஓடும்போது அதற்குள் காற்று போகும். மேலே போய்ச் சேர்ந்ததும் ஜாக்கெட்டைக் கழற்றினால் சட்டை இஸ்திரி கலையாமல் இருக்கும், அப்படியே டாக்டர் அறைக்குள் போகலாம்.