பஃபரைப் பெரிதாக்கினால் பிழை போகாது

மேற்கோள் குறிக்குள் இருக்கும் சொற்களைப் பிரித்தெடுக்கும் சி நிரலை யாராவது புதிதாக எழுதிக் காட்டினால், என் பழைய நிரலையே திரும்பப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. விட்டுப்போன செமிகோலனை எல்லாம் கம்பைலர் பார்த்துக்கொள்ளும். அதற்குத் தெரியாதவை மட்டும் இங்கே.

எஸ்டிஆர்டோக்கை நம்புவது

வேண்டாம். ஸ்ட்ரிங்கைத் துண்டு துண்டாக வெட்டித் தரும் அந்த ஃபங்ஷனுக்கு மேற்கோள் குறி என்றால் என்னவென்றே தெரியாது.

மூடும் குறி வந்தே தீரும் என்று நினைப்பது

இன்றுவரை எனக்கு எரிச்சல் தருவது இதுதான். திறக்கும் குறியைக் கண்டதும் ஒரு வைல் லூப், அடுத்த குறி வரும்வரை, படிக்கும் இடத்தைக் காட்டும் பாயிண்டரை நகர்த்து, அவ்வளவுதான். மூடாத வரி ஒன்று வந்தால் லூப் ஸ்ட்ரிங்கின் முடிவைக் காட்டும் பூஜ்ய பைட்டையும் தாண்டி, மெமரியில் எங்கோ கிடக்கும் ஒரு மேற்கோள் குறியைத் தேடிக்கொண்டு ஓடும்.

"நான்தான் பூஜ்யத்தையும் சோதிக்கிறேனே" என்று நானும் சொன்னவன்தான். ஆனால் பேக்ஸ்லாஷைக் கண்டால் (அடுத்த எழுத்தை அப்படியே எடுத்துக்கொள் என்பதற்கான குறி அது) இரண்டு இடம் தாவு என்று எழுதி வைத்திருந்தேன். ஒருநாள் வரியே பேக்ஸ்லாஷில் முடிந்தது, பாயிண்டர் பூஜ்யத்தின் தலைக்கு மேலேயே தாவிவிட்டது. நான் என்ன செய்தேன்? வரியை வைத்திருக்கும் மெமரி இடமான பஃபரை 64 பைட்டிலிருந்து 256 ஆக்கினேன். கிராஷ் நின்றது, நிம்மதியாகத் தூங்கப் போனேன். பெரிய பஃபரில் தற்செயலாகக் கிடந்த பூஜ்யங்கள்தான் லூப்பை நிறுத்தியிருக்கின்றன என்பது, அதே பிழை வேறொரு ஃபங்ஷனில் வெடித்து இரண்டு நாளைத் தின்ற பிறகுதான் புரிந்தது.

பேக்ஸ்லாஷைப் பார்த்தால் முதலில் ஒரே ஒரு இடம் நகருங்கள். அங்கே பூஜ்யம் இல்லையென்றால் மட்டும் அடுத்த அடி. லூப் முடிந்ததும் நிற்பது மேற்கோள் குறியிலா பூஜ்யத்திலா என்று பாருங்கள், பூஜ்யம் என்றால் அதைப் பிழையாகத் திருப்பி அனுப்புங்கள். அப்புறம், ஜிசிசி, கிளாங் இரண்டு கம்பைலர்களிலும் மெமரி எல்லை மீறலைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் இருக்கிறது. அதை இயக்கி, டீபக் தகவலோடு கம்பைல் செய்து, இந்த மாதிரி மூடாத வரிகளையே வேண்டுமென்று கொடுத்து ஓட்டிப் பாருங்கள். எல்லை தாண்டிய இடத்தை அனேகமாக வரி எண்ணோடு காட்டிவிடும்.

நீளத்துக்குச் சரியாக மால்லாக்

மால்லாக்கிடம் மெமரி கேட்கும்போது, முடிவில் வரும் பூஜ்ய பைட்டுக்காக நீளத்தோடு ஒன்று கூட்டுங்கள்.

வெறும் மேற்கோளைத் தூக்கி எறிவது

இரண்டு குறிகள் ஒட்டி வந்தால் அதுவும் ஒரு சொல்தான், நீளம் 0. அதை விட்டுவிட்டால் பின்னால் வரும் சொற்கள் எல்லாம் ஓரிடம் முன்னால் நகர்ந்து, மூன்றாவது இரண்டாவதாகிவிடும்.

இஸ்ஸ்பேஸுக்கு சாரை அப்படியே கொடுப்பது

இஸ்ஸ்பேஸ் என்பது ஒரு எழுத்து இடைவெளியா என்று சொல்லும் ஃபங்ஷன், சார் என்பது ஒரு பைட் எழுத்து வகை. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் இந்தப் பிழை மாட்டவே மாட்டாது. யுடிஎஃப்-8இல் ஒரு தமிழ் எழுத்துக்குக் குறைந்தது 3 பைட், ஒவ்வொன்றும் 127க்கு மேல். சார் சைன்ட் வகையாக, அதாவது மைனஸ் எண்ணும் ஏற்பதாக, இருக்கும் கணினியில் அவை எல்லாம் மைனஸ் எண்ணாகப் போகும், அப்போது என்ன நடக்கும் என்பதற்கு சி தரநிலை எந்த உறுதியும் தருவதில்லை. அன்சைன்ட் சாராக மாற்றிக் கொடுங்கள்.