ஆர்க் மோடில் ஒரே அட்டவணையைப் பல இடங்களில் பயன்படுத்துவது

தீபாவளிக்குச் சிங்கப்பூர் தேக்காவில் வாங்க வேண்டிய சாமான் பட்டியலை எடுத்துக்கொள்வோம். விலை ஓரிடத்தில், கூட்டுத்தொகை இன்னோரிடத்தில் என்று எழுதினால், நெய் விலை ஏறும்போது இரண்டையும் திருத்த வேண்டும். ஈமேக்ஸ் என்ற உரைத் திருத்தியின் ஆர்க் மோடில் விளக்கம், அட்டவணை, நிரல் மூன்றும் ஒரே உரைக் கோப்பில் இருக்கும். எண்ணை ஒரு முறை எழுதினால் போதும்.

முதலில் அட்டவணை:

| பொருள் | கிலோ | விலை |
|---+---+---|
| கடலை மாவு | 3 | 4 |
| நெய் | 2 | 18 |
| சர்க்கரை | 4 | 2 |

அடுத்து, இதற்கு ஒரு பெயர். அட்டவணைக்கு நேர் மேலே, காலி வரி விடாமல், ஹேஷ், பிளஸ், ‘நேம்’, கோலன், ஓர் இடைவெளி, அப்புறம் ‘சாமான்’. பெயர்களையும் கட்டளைகளையும் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

இப்போது கீழே ஒரு பைத்தான் நிரல் பகுதி. அதன் தொடக்க வரியின் (ஹேஷ், பிளஸ், ‘பிகின்_எஸ்ஆர்சி பைத்தான்’) கடைசியில் ‘கோலன் வார்’ போட்டு, இடைவெளி விட்டு, ‘பட்டியல்=சாமான்’ என்று எழுதுங்கள். அட்டவணை முழுவதும் ‘பட்டியல்’ என்ற மாறிக்குள் (நிரலில் மதிப்பை வைத்திருக்கும் பெயர்) வந்துவிடும். தலைப்பு வரியை ஆர்க் மோடே நீக்கிவிடும். ஒவ்வொரு வரியிலும் கிலோவை விலையால் பெருக்கிக் கூட்டி, ‘ரிட்டர்ன்’ மூலம் திருப்பி அனுப்புங்கள். ரிட்டர்ன் விட்டுப்போனால் விடை வராது.

நிரலுக்குள் கர்சரை வைத்து கன்ட்ரோல்-சி இரண்டு முறை. ஓட்டலாமா என்று கேட்கும், ‘யெஸ்’ சொல்லுங்கள். கீழே 56 என்று வரும், அதாவது 56 வெள்ளி. நெய்யை 20 ஆக்கி மறுபடி ஓட்டினால் 60. நிரல் ஓடவே இல்லையென்றால், ஈமேக்ஸ் அமைப்புக் கோப்பில் பைத்தானை இயக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

பலரும் தடுமாறுவது, ஒரு கட்டத்தை மட்டும் எடுக்கும்போதுதான். நெய் விலை மட்டும் வேண்டுமானால், ‘சாமான்’ என்று எழுதிய இடத்தில் ‘சாமான்[3,2]’. ஏன் 3? எண்ணிக்கை 0-இல் தொடங்குகிறது. தலைப்பு 0, அதன் கீழுள்ள கோடு 1, கடலை மாவு 2, நெய் 3. அந்தக் கோடும் ஒரு வரியாகக் கணக்கில் சேரும், ஏனென்றால் தலைப்பை நீக்குவதற்கு முன்பே ஆர்க் மோட் இந்த எண்களைப் பார்த்துவிடுகிறது. இரண்டாவது எண் பத்திக்கு: பொருள் 0, கிலோ 1, விலை 2. எல்லா விலைகளும் வேண்டுமென்றால் ‘சாமான்[2:-1,2]’. -1 என்பது கடைசி வரி.

நிரல் பகுதிக்கும் இதே போலப் பெயர் வைக்கலாம். ‘மொத்தம்’ என்று வைத்தால், இன்னொரு நிரலில் ‘தொகை=மொத்தம்’ என்று எழுதி அந்த விடையை அப்படியே வாங்கிக்கொள்ளலாம்.