டிஎஸ்எல்ஆரா, பிரிட்ஜ் கேமராவா?

வேடந்தாங்கல் கரையிலிருந்து ஏரி நடுவே மரத்தில் உட்கார்ந்திருக்கும் நத்தைக்குத்தி நாரையை எடுக்கப் பார்த்தால், டிஎஸ்எல்ஆரோடு (லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய கேமரா) வரும் 18-55 மி.மீ. லென்ஸில் அது வெறும் வெள்ளைப் புள்ளி. நிக்கான் பி950 போன்ற பிரிட்ஜ் கேமரா (கழற்ற முடியாத, நீண்ட ஜூம் லென்ஸ் கொண்டது) 2000 மி.மீ. லென்ஸுக்கு நிகராகக் கிட்டே இழுக்கும். அலகின் இடைவெளியே தெரியும்.

ஆனால் அதன் சென்சார், அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லு, சுமார் 6.2 × 4.6 மி.மீ.தான். நிக்கான் டி3500 போன்ற டிஎஸ்எல்ஆரில் 23.5 × 15.6, பரப்பில் 12 மடங்குக்கும் மேல். அதனால்தான் வெயில் இறங்கி ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் அளவு) 800-ஐத் தாண்டினால் பிரிட்ஜ் கேமராவில் இறகின் வரிகள் குழைந்துவிடுகின்றன.

கல்யாண மண்டபம், வீட்டுக்குள் ஓடும் குழந்தை என்றால் டிஎஸ்எல்ஆரேதான், கூடவே நிறைய வெளிச்சத்தை உள்ளே விடும் 35 மி.மீ. எஃப்1.8 லென்ஸ். நிக்கான் டி3500-க்கு வாங்கும்போது லென்ஸில் 'ஏஎஃப்-எஸ்' (ஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருப்பது) என்று இருக்கிறதா பாருங்கள். பழைய 'ஏஎஃப்-டி' லென்ஸ் அதில் தானாக ஃபோகஸ் ஆகாது. அந்த கேமரா பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது.