அரோயோ செகோ பார்க்வே: பழைய விரைவுச்சாலையில் வண்டி ஓட்டும் முறை

லாஸ் ஏஞ்சலஸ் நகர மையத்தையும் அதன் வடகிழக்கே உள்ள பசடேனாவையும் இணைக்கும் அரோயோ செகோ பார்க்வே, ஏறத்தாழ 8 மைல் (13 கிலோமீட்டர்) நீளமே உள்ள சாலை. நெரிசல் இல்லாத வேளையில் கால் மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம். ஆனால் கலிபோர்னியாவின் மற்ற விரைவுச்சாலைகளில் ஓட்டிய பழக்கத்தை நம்பி இதில் நுழைவது ஆபத்து. 1940 டிசம்பர் 30 அன்று முறைப்படி திறக்கப்பட்ட இச்சாலை, அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் அமைந்த முதல் விரைவுச்சாலை. மணிக்கு 45 மைல் வேகத்தை மனத்தில் கொண்டு வளைவுகளை வகுத்தார்கள். இன்றைய வேக வரம்பு 55 மைல். நாளொன்றுக்கு ஓடும் வண்டிகளோ ஒரு லட்சத்துக்கும் மேல். இந்த இடைவெளியைப் புரிந்துகொண்டால், எங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும், எங்கே காத்திருக்க வேண்டும் என்பது பெரும்பாலும் தானே விளங்கிவிடும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. 1954இல் இதற்குப் பசடேனா விரைவுச்சாலை என்று பெயர் மாற்றினார்கள். 2010இல் பழைய பெயரே திரும்பியது. வழி சொல்லும் உள்ளூர்க்காரர்கள் பலர் இன்னும் இடைக்காலப் பெயரையோ 110 என்ற எண்ணையோதான் சொல்வார்கள். அந்த எண் தெற்கே துறைமுகம் வரை செல்லும் சாலைக்கும் உண்டு என்பதால், எண்ணை மட்டும் பார்க்காமல் பலகையில் பசடேனா என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வடக்கு நோக்கிச் செல்பவர்களுக்குப் பயணம் நகர மையத்தை ஒட்டிய நான்கடுக்குச் சந்திப்பில் தொடங்குகிறது. 101ஆம் எண் சாலையைச் சந்திக்கும் இந்த அடுக்குப்பாலம் 1953இல் முழுமையாகப் பயன்பாட்டுக்கு வந்தது. அதைத் தாண்டியதும் எலீசியன் பூங்காவின் குன்றைக் குடைந்த நான்கு சுரங்கப்பாதைகள் வரும். முதல் மூன்று 1931இலும், தெற்குக் கோடியில் உள்ள நான்காவது 1936இலும் திறக்கப்பட்டன. அவை விரைவுச்சாலைக்காகக் கட்டப்பட்டவை அல்ல. ஃபிகரோவா தெருவின் இருவழிப் போக்குவரத்துக்கென அமைந்தவை. 1943இல் பார்க்வேயைத் தெற்கே நீட்டியபோது இவற்றை வடக்கு நோக்கிச் செல்லும் வண்டிகளுக்கு மட்டுமாக்கி, எதிர்த்திசைக்குக் குன்றின்மேல் தனிப்பாதை வெட்டினார்கள்.

சுரங்கங்களுக்குள் நுழையுமுன்பே தடத்தை முடிவுசெய்துவிட வேண்டும். வடக்கே செல்லும் 5ஆம் எண் நெடுஞ்சாலைக்குப் பிரியும் வழி, வழக்கத்துக்கு மாறாக, இடப்பக்கம் இருக்கிறது. மாலை நேரத்தில் அதற்காகக் காத்திருக்கும் வரிசை சுரங்கத்துக்குள்ளேயே நீண்டு நின்றுவிடும். பசடேனாவுக்குப் போகிறவர் இடக்கோடித் தடத்தில் வந்தால், வளைவு திரும்பியதும் நிற்கும் வண்டியின் பின்புறம்தான் கண்ணில் படும். ஆகவே வலப்புறமுள்ள தடங்களில் ஒன்றில் நிலைத்திருந்து, முன்வண்டியோடு தாராளமான இடைவெளி விட்டுச் செல்லவும்.

லாஸ் ஏஞ்சலஸ் ஆற்றைக் கடந்த பிறகு, அரோயோ செகோ என்ற ஓடையின் கரையோடு சாலை வளைந்து வளைந்து செல்கிறது. ஓடைக்குக் கான்கிரீட் கால்வாய் கட்டி, அதன் பக்கத்தில் பூங்கா நிலத்தினூடே சாலையை அமைத்தார்கள். விரைந்து ஊர் போய்ச் சேரவும் போகும் வழி கண்ணுக்கு இனிதாக இருக்கவும் வேண்டும் என்பது அன்றைய எண்ணம். வளைவுகள் அழகாக இருப்பதும் கடினமாக இருப்பதும் இதனால்தான். வளைவுக்குள் பிரேக் போடாமல், அதற்கு முன்பே 45 மைலுக்கு வேகத்தைத் தணித்துக்கொள்வதே பாதுகாப்பு. நீண்ட வறட்சிக்குப் பின் பெய்யும் முதல் மழையில் சாலை மிகவும் வழுக்கும். அன்று இன்னும் குறைக்க வேண்டும்.

இச்சாலையின் உண்மையான சோதனை நுழைவுப்பாதைகளில் இருக்கிறது. அவென்யூ 43, அவென்யூ 52 போன்ற இடங்களில் நுழைபவருக்கு வேகமெடுக்கத் தனித்தடம் கிடையாது. பாதையின் முடிவில் ‘நில்’ பலகை இருக்கும். முழுமையாக நின்று, கழுத்தைத் திருப்பிப் பார்த்து (கண்ணாடியை மட்டும் நம்பக் கூடாது), நெருங்கும் வண்டிக்கு நிறைய தூரம் இருந்தால் மட்டுமே ஆக்சிலரேட்டரை நன்றாக அழுத்தி உள்ளே செல்ல வேண்டும். அரைமனத்தோடு நகர்ந்து நடுவில் தயங்குவதைவிட இன்னொரு நிமிடம் காத்திருப்பது மேல். பின்னால் ஹாரன் அடிப்பவருக்காக அவசரப்பட வேண்டாம்; அவரும் அதே பலகையில் நின்றாக வேண்டும். வலக்கோடித் தடத்தில் ஓட்டுபவரும், ஓரத்திலிருந்து எந்நேரமும் மெதுவான வண்டி ஒன்று புகலாம் என்று எதிர்பார்த்தே ஓட்டவும். புதியவர்களுக்கு நடுத்தடமே உகந்தது.

வெளியேறும் வழிகளும் அப்படித்தான். சிலவற்றில் 5 மைல் வேகம் என்றே பலகை இருக்கும். அதை மிகையென்று எண்ணிவிடக் கூடாது. அங்கே பாதை கிட்டத்தட்டச் செங்கோணமாகத் திரும்புகிறது.

வண்டி பழுதானால் ஒதுங்க ஓரம் ஏன் இல்லை என்பதற்கும் காரணம் உண்டு. தொடக்கத் திட்டத்தில் திசைக்கு இரண்டு தடங்களும் ஓரங்களில் ஒதுக்கிடமும் இருந்தன. கட்டுமானம் நடந்துகொண்டிருந்தபோதே அந்த ஒதுக்கிடங்களை மூன்றாவது தடமாக்கினார்கள். பிற்காலத்தில் ஆங்காங்கே சிறு ஒதுங்கிடங்கள் அமைக்கப்பட்டன. கோளாறின் முதல் அறிகுறி தெரிந்ததுமே அருகிலுள்ள ஒதுங்கிடத்தையோ வெளியேறும் வழியையோ தேடவும். எரிபொருள் முள் அடிமட்டத்தில் நிற்கும்போது இச்சாலையில் ஏறவே வேண்டாம்.

6,000 பவுண்டுக்கு (ஏறத்தாழ 2,700 கிலோ) மேற்பட்ட சரக்கு வாகனங்களுக்கு இங்கே அனுமதியில்லை. வீடு மாற்ற வாடகை லாரி எடுப்பவர்கள் இதைக் கவனிக்காமல், செல்பேசி காட்டும் வழியில் வந்து மாட்டிக்கொள்ள வாய்ப்புண்டு.

பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்குப் பார்க்க நிறைய இருக்கிறது. ஹைலண்ட் பார்க் பகுதியில் தலைக்கு மேலே உயரமான பழைய ரயில் பாலம் ஒன்று குறுக்கிடும். அதில் இப்போது மெட்ரோவின் ஏ தட ரயில் ஓடுகிறது. இதே பள்ளத்தாக்கு வழியாகப் பசடேனாவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை மிதிவண்டிகளுக்கென மரத்தால் உயர்மட்டப் பாதை அமைக்க ஹொரஸ் டாபின்ஸ் என்பவர் முனைந்தார். 1900இல் கட்டண வழியாகத் திறந்த அது, ஒரு மைலுக்குச் சற்று அதிகமாகக் கட்டியதோடு நின்றுபோனது.

பசடேனாவில் கிளெனார்ம் தெருச் சிக்னலருகே விரைவுச்சாலை முடிந்து சாதாரண நகரச் சாலையாகிவிடுகிறது. வேகத்துக்குப் பழகிய கால் அங்கே தாமதமாகத்தான் பிரேக்குக்குப் போகும். ஃபேர் ஓக்ஸ் அவென்யூ வழியைத் தாண்டியதுமே குறைக்கத் தொடங்கவும். புத்தாண்டு காலையில் ரோஜா அணிவகுப்புக்காக ஊரின் முக்கியத் தெருக்கள் மூடப்படும். அன்று ரயிலே வசதி. திரும்பும்போது அதே சிக்னலைக் கடந்து நேராகச் சென்றாலே விரைவுச்சாலைதான். வேகம் கூடிய சிறிது நேரத்திலேயே முதல் வளைவு வந்துவிடும் என்பதை மறக்காமல், 45 மைலோடு நிறுத்திக்கொள்ளவும்.