ரத்தான விமான டிக்கெட்டின் தொகையைக் காலாவதியாக விடாதீர்கள்

பணம் திரும்பாத வகை விமான டிக்கெட்டை ரத்து செய்யும்போது, சில நிறுவனங்கள் மிஞ்சும் தொகையை அடுத்த பயணத்துக்கான ‘கிரெடிட் ஷெல்’லாக வைத்துவிடுகின்றன. அடிப்படைக் கட்டணம் போனாலும், அரசு வரிகளையும் விமான நிலையப் பயனாளர் மேம்பாட்டுக் கட்டணத்தையும் நிறுவனம் திருப்பித் தந்தாக வேண்டும். திரும்ப வேண்டிய தொகையைப் பணமாகப் பெறுவதா, கிரெடிட்டாக வைப்பதா என்பது விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதிப்படி பயணியின் விருப்பமே. எனவே கையில் பணமாகக் கேட்பதே நல்லது என்பேன்.

கிரெடிட்தான் என்றால் தேதியைக் கவனியுங்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு முகவர் மூலம் அம்மாவுக்கு எடுத்த டிக்கெட்டை ரத்து செய்தபோது, ‘ஓராண்டு செல்லும்’ என்ற குறுஞ்செய்தியை நம்பிப் பதினோரு மாதம் சும்மா இருந்துவிட்டேன். அந்த ஓராண்டு ரத்து செய்த நாளிலிருந்து அல்ல, முதன்முதலில் பதிவு செய்த நாளிலிருந்து கணக்கிடப்படுவதும், அதற்குள் பயணமே முடிந்திருக்க வேண்டும் என்பதும் பிறகுதான் தெரிந்தன. சில நிறுவனங்களில் அதற்குள் பதிவு செய்தாலே போதும். இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கிரெடிட் பெரும்பாலும் பழைய டிக்கெட்டில் உள்ள பெயருக்கே செல்லும். அதனால் அம்மாவின் தொகையில் நான் போக முடியவில்லை. முகவர் வழி எடுத்ததை அவர் வழியாகவே பயன்படுத்தச் சொல்வதும் உண்டு. சேலத்தின் கமலாபுரம் விமான நிலையத்திலிருந்து அந்த நிறுவனத்தின் விமானம் இல்லையென்றால், கோவைக்கோ பெங்களூருக்கோ போகும் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள், பழைய டிக்கெட்டின் பதிவு எண்ணை (பி.என்.ஆர்.) மட்டும் அழித்துவிடாதீர்கள்.