மன்னர் போகாத இத்தாலி: மாற்று வரலாற்றில் ஒரு நாட்டுக்குறிப்பு எழுதுவது எப்படி

நடந்த வரலாற்றில் ஒன்றை மாற்றி, அதன் பிறகு என்ன ஆகியிருக்கும் என்று கற்பனை செய்வதுதான் மாற்று வரலாறு. அப்படி ஒரு நாட்டைப் பற்றிக் குறிப்பு எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கொடி வரைகிறார்கள். அப்புறம் ஒரு கிரீடம், ஒரு அரசர் பெயர், தலைநகரம், மக்கள்தொகை என்று கட்டம் கட்டமாக நிரப்பிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். படிக்கிறவருக்கு அந்த நாட்டில் ஒரு நாள் இருந்து வந்த உணர்வு வருவதில்லை. முடியரசு நீடித்த நாட்டைப் பற்றி எழுதுகிறீர்களா, மன்னர் வேண்டாம் என்று சொன்னவர்களை முதலில் தேடுங்கள். அவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள், எத்தனை பேர், அவர்களோடு மன்னர் எப்படிக் காலம் தள்ளுகிறார்? உங்கள் குறிப்பு அங்கிருந்துதான் உயிர் பெறும்.

நாட்டைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் வேண்டாம். முடியரசு நூலிழையில் போன நாடாகப் பாருங்கள். நான் இத்தாலியைச் சொல்வேன். 1946 ஜூன் 2, 3 தேதிகளில் அங்கே பொதுவாக்கெடுப்பு நடந்தது. குடியரசுக்கு ஏறத்தாழ 1 கோடியே 27 லட்சம் வாக்கு, முடியரசுக்கு 1 கோடியே 7 லட்சம். சதவீதத்தில் 54.3க்கு 45.7. இருபது லட்சம்தான் வித்தியாசம், அதாவது பத்து லட்சம் பேர் மனம் மாறியிருந்தால் போதும்.

சரி, அந்தப் பத்து லட்சம் பேரை எப்படி மாற்றுவது? 1922க்குப் போய், அப்போதைய மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல், பாசிசத் தலைவர் முசோலினி ஆட்சியைப் பிடிக்க நடத்திய ரோம் அணிவகுப்பைத் தடுக்கும் அவசரநிலை ஆணையில் கையெழுத்துப் போட்டிருந்தால் என்று ஆரம்பிக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும், ஆனால் அங்கே கை வைத்தால் பாசிச ஆட்சி, எத்தியோப்பியப் போர், 1938 இனவெறிச் சட்டங்கள், உலகப் போரில் இத்தாலியின் பங்கு என்று அத்தனையையும் புதிதாக எழுத வேண்டிவரும், அது நாட்டுக்குறிப்பில் அடங்காது. முடிந்தவரை பிந்தைய, சின்ன மாற்றத்தைப் பிடியுங்கள். 1944 ஜூனில் ரோம் விடுதலையானபோது மன்னர் அதிகாரத்தை மகன் உம்பர்ட்டோவிடம் கொடுத்தார், கிரீடத்தைக் கொடுக்கவில்லை. அதை விட்டது 1946 மே 9 அன்று, வாக்கெடுப்புக்கு மூன்றரை வாரம் இருக்கும்போது. அதனால்தான் உம்பர்ட்டோவுக்கு ‘மே மாத அரசர்’ என்ற பெயர் நின்றது. 1943 செப்டம்பரில் ரோமை ஜெர்மானியர்களிடம் விட்டுவிட்டு ஓடிய குடும்பம் என்ற கறையைக் கழுவ அவருக்கு நேரமே கிடைக்கவில்லை. தந்தை 1944லேயே முழுதாக விலகியிருந்தால் மகனுக்கு இரண்டு வருடம் கிடைத்திருக்கும். இந்த ஒரு மாற்றம் போதும்.

இப்போது வாக்குச்சீட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள், கற்பனையில்தான். இரண்டு பக்கமும் இத்தாலியின் வரைபடம். ஒன்றின் மேல் கோட்டைச் சுவர் போன்ற முடி சூடிய பெண்ணின் தலை, அது குடியரசு. இன்னொன்றின் மேல் கிரீடத்தோடு, மன்னர் குடும்பமான சவோய் வம்சத்தின் கேடயம். நாடு தழுவிய வாக்கெடுப்பில் பெண்கள் வாக்களித்தது அதுவே முதல் முறை. சீட்டின் விளிம்பை நாக்கால் நனைத்து ஒட்ட வேண்டும் என்பதால், உதட்டுச்சாயம் பட்டுச் சீட்டு செல்லாமல் போய்விடாதபடி அதைப் பூசாமல் வாருங்கள் என்று பெண்களுக்கு அறிவுரை சொன்னார்கள். உங்கள் குறிப்பில் இப்படி ஒரு காட்சி இருந்தால், பத்து புள்ளிவிவரம் செய்யாததை அது செய்துவிடும்.

அடுத்து வரைபடம். வடக்கு குடியரசுக்கு, தெற்கு மன்னருக்கு. நேப்பிள்ஸில் ஐந்தில் நான்கு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக முடியரசுக்கே விழுந்தது. ஆகவே உங்கள் இத்தாலியில் மன்னர் ஜெயித்தாலும் மிலானும் போலோனியாவும் தோற்றிருக்கின்றன. தொழிற்சாலைகள் வடக்கில், ஜெர்மானியரை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கியவர்களில் பெரும்பாலோர் வடக்கில். இதை எப்படிக் கொண்டுபோவது என்று தெரியாவிட்டால் நிஜத்தில் இதே சிக்கல் வந்த நாட்டைப் பாருங்கள். பெல்ஜியத்தில் 1950ல், போருக்குப் பிறகு நாட்டுக்கு வெளியே இருந்த மன்னர் மூன்றாம் லியோபோல்ட் அரியணைக்குத் திரும்பலாமா என்று மக்களிடம் கேட்டார்கள். ஏறக்குறைய 58 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். வடக்குப் பகுதியான பிளாண்டர்ஸ் ஆம், தெற்குப் பகுதியான வல்லோனியா இல்லை. ஜெயித்தும் பயனில்லை, வேலைநிறுத்தமும் உயிரிழப்பும் வந்தன, 1951ல் மகன் போதுவாங் 20 வயதில் அரசரானார். உம்பர்ட்டோவின் மனைவி மரியா ஜோசே இந்த லியோபோல்டின் தங்கை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதை அப்படியே இத்தாலிக்குப் பெயர்க்க முடியாது. உம்பர்ட்டோவின் மகன் பிறந்தது 1937ல், 1950ல் அவனுக்கு 13 வயது. மூத்தவள் மகள், ஆனால் சவோய் வம்சத்தில் பெண்ணுக்குப் பட்டம் கிடையாது. ஆக உம்பர்ட்டோ தாக்குப்பிடித்தே ஆக வேண்டும், வடக்கிடம் ஏதாவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். பிறந்த தேதிகளை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டால் கதையே இப்படி வழி சொல்லும்.

மாறாதவற்றை மாறாமல் விடுங்கள். அரசியல் நிர்ணய சபைத் தேர்தல் அதே நாளில்தான் நடந்தது, 556 இடங்களில் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்கு 207. ஆகவே அந்தக் கட்சியின் தலைவர் டி காஸ்பெரிதான் பிரதமர், போருக்குப் பிந்தைய அமெரிக்காவின் மார்ஷல் உதவி வரும், 1949ல் நேட்டோவும் வரும். ஆனால் குடியரசுத் தலைவர் செய்த வேலைகளை யார் செய்கிறார்கள் என்பதை ஒவ்வொன்றாகக் கேளுங்கள், குறிப்பின் கனமான பகுதி இதுதான். நிஜ இத்தாலியில் 1946க்குப் பிறகு அறுபதுக்கும் மேற்பட்ட அரசாங்கங்கள் வந்துபோயின, ஒவ்வொரு முறையும் பிரதமரை நியமித்தது குடியரசுத் தலைவர். அந்த நாற்காலியில் ஏழு வருடத்துக்கு ஒருவர் உட்காராமல், வாழ்நாள் முழுக்க ஒரே மனிதர் உட்கார்ந்திருந்தால், ஒவ்வொரு நெருக்கடியிலும் மன்னர் எங்களை ஒதுக்குகிறார் என்று கம்யூனிஸ்டுகள் சொல்ல மாட்டார்களா? சில ஆண்டுகளில் அந்த அதிகாரம் சபாநாயகர் கைக்குப் போயிருக்கும் என்று நான் எழுதுவேன். வேறு விடை உங்களிடம் இருந்தால் எழுதுங்கள், கேள்வியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

சின்னப் பொருள்களைக் கடைசியில் வையுங்கள். கொடியின் நடுவில் கேடயம் அப்படியே இருக்கும். தபால்தலையில் ‘இத்தாலியக் குடியரசு’ என்று வராது. கால்பந்து அணியின் நீலச் சட்டை மாறாது, அது சவோய் வம்சத்தின் நிறம், குடியரசானபோதும் அதை யாரும் கழற்றவில்லை. முடியரசு இத்தாலியில் அரசியலமைப்பு நாள் ஜூன் மாத முதல் ஞாயிறு. 1946ல் ஜூன் 2 அதே ஞாயிறுதான்!

என் குறிப்பு அந்த ஞாயிற்றில்தான் தொடங்குகிறது: நேப்பிள்ஸில் பால்கனிக்குப் பால்கனி கேடயக் கொடி, மிலானில் ஒரு தெரு முழுக்கக் கடைகளின் இரும்புக் கதவுகள் பாதி இறக்கியிருக்கின்றன, யாரும் விளக்கம் கேட்பதில்லை.